பழைய அம்பாசிடருக்கு ரூஃப் லைனிங் மாற்றுவது: துணியைத் தகட்டில் ஒட்டலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. குளச்சலில் தாத்தா வீட்டு ஷெட்டில் பல வருடம் நின்ற 1978 மார்க் 3 அம்பாசிடரைத் திங்கள்நகருக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். மேலே உள்ள துளை போட்ட ரெக்சின் பின்சீட்டுக்கு மேல் தொங்குகிறது, கண்ணாடி ஓரமெல்லாம் பழுப்புக் கறை, படமும் போட்டிருக்கிறீர்கள். சீட் கவர் கடையில் கேட்டால், பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஸ்பாஞ்ச் வைத்த துணியைத் தகட்டிலேயே ஒட்டித் தருகிறோம், கண்ணாடி கழற்ற வேண்டாம், ஒரே நாளில் முடியும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா, என்ன துணி, எத்தனை மீட்டர், கொஞ்சம் வேலையாவது நாமே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துணியும் மீட்டரும் கடைசியில் வருகிற விஷயம். முதலில் தீர வேண்டியது, அந்த ரெக்சின் ஏன் தொங்கியது, கறை எங்கிருந்து வந்தது என்பது. அது தெரியாமல் எந்தத் துணியைப் போட்டாலும் இரண்டு மழைக்காலம் கழித்து இதே கேள்வி திரும்ப வரும்.

நான் நாகர்கோவிலில் பல வருடமாகக் குஷன் வேலை செய்கிறேன். அம்பாசிடரும் பத்மினியும் டாக்சி ஸ்டாண்டுகளில் வரிசையாக நின்ற காலத்திலிருந்து அவற்றின் உள்வேலை பார்த்திருக்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன்: இந்த வண்டியில் துணியைத் தகட்டில் ஒட்ட விடாதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. இப்போது வருகிற கார்களில் கூரைக்கு அடியில் அச்சில் வார்த்த ஒரு அட்டை இருக்கும், ஸ்பாஞ்ச் துணி அதன் மேல்தான் ஒட்டப்பட்டிருக்கும். அட்டையைக் கழற்றி வெளியே எடுத்து, பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டிவிட்டுப் புதுத் துணி ஒட்டுவது அவர்கள் தினமும் செய்கிற வேலை, நன்றாகவே செய்வார்கள். உங்கள் வண்டியில் அப்படி ஒரு அட்டையே கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த உடம்பு இது. அந்தக் காலத்து முறைப்படி, கல்யாணப் பந்தலுக்கு உள்ளே மேற்கட்டி கட்டுகிற மாதிரி, லைனிங் தகட்டைத் தொடாமல் தனியாகத் தொங்கும். குறுக்கே வளைந்த வில் கம்பிகள் இருபக்கமும் சட்டத்தில் இருக்கிற துளைகளில் உட்கார்ந்திருக்கும். ரெக்சினின் பின்பக்கம் ஒவ்வொரு தையலிலும் ஒரு காடாத்துணி உறை வைத்துத் தைத்திருப்பார்கள், கம்பி அதற்குள் ஓடும். ஓரம் மட்டும்தான் பசையில் நிற்கும். உங்கள் படத்தில் குறுக்காகத் தெரிகிற தையல் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கம்பி இருக்கிறது.

தகட்டில் ஒட்டினால் என்ன கெடும்? முதலாவது, கூரையின் உள்பக்கம் சமதளம் இல்லை, குறுக்கே பலப்பட்டைகள் இருக்கின்றன. ஒட்டிய துணியில் அவை விலா எலும்பு மாதிரித் தெரியும். இரண்டாவது, வெயிலில் நிற்கிற அடர்நிற வண்டியின் கூரைத் தகடு 70 டிகிரி வரைகூடப் போகும். அந்தச் சூட்டில் சாதாரணப் பசை இளகும், துணி தன் எடையிலேயே மெதுவாகப் பிரியும். மூன்றாவதுதான் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். ஸ்பாஞ்ச் என்பது பாலியூரித்தேன். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது வேதியியல் ரீதியாகவே உடைந்து மாவாகிவிடும். பத்துப் பதினைந்து வருடம் ஆன கார்களில் லைனிங் தொங்கும்போது விரலில் மஞ்சளாகத் தூள் ஒட்டுமே, அது இதுதான். பசை அப்படியே இருக்கும், நடுவில் இருந்த ஸ்பாஞ்ச் போயிருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைகிற நாள் கொஞ்சம். தகட்டோடு ஒட்டிய ஸ்பாஞ்ச், ராத்திரியில் தகட்டின் உள்பக்கம் வியர்க்கிற நீரையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்புறம் துணி விழுகிற நாளில் தகட்டிலும் துரு ஏறியிருக்கும். தொங்கும் லைனிங்கில் தகட்டுக்கும் துணிக்கும் நடுவில் காற்று இருக்கிறது. அதனால் வெயிலும் குறைவாக இறங்கும், ஈரமும் காயும்.

சரி, கறைக்கு வருவோம். கண்ணாடி ஓரத்தில் மட்டும் பழுப்பாக இருப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது கண்ணாடி ரப்பரை. லைனிங்கின் முன் ஓரமும் பின் ஓரமும் கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பைச் சுற்றி மடிந்து ரப்பருக்கு அடியில் போகும். ரப்பர் வெயிலில் கெட்டியாகி வெடித்துவிட்டால், அதன் வழியாக நுழைகிற நீரைத் துணி திரி மாதிரி உள்ளே இழுக்கும். துளி விழாது, நனைந்தது தெரியாது, கறை மட்டும் வருடா வருடம் அகலமாகும். இரண்டாவது சந்தேகம் கூரை ஓரத்தில் ஓடுகிற மழைநீர்க் கட்டர். கூரைத் தகடும் பக்கச் சட்டமும் சேர்கிற இடம் அது, உள்ளே சீலர் பூசியிருக்கும். அது வெடித்தால் நீர் நேராக உள்ளே வரும். உங்கள் வண்டியில் எப்போதாவது மேலே கேரியர் மாட்டியிருந்தார்களா என்று வீட்டில் கேளுங்கள். கேரியரின் கால்கள் அந்தக் கட்டரைத்தான் கவ்வும். வாழைக்குலையும் சாமான் மூட்டையும் ஏற்றி ஓடிய வண்டிகளில் கால் கவ்விய இடம் வளைந்து, பெயின்ட் விட்டு, சரியாக அங்கேதான் துரு தொடங்கியிருக்கும். மூன்றாவதாக ஏரியல் துளை இருந்தால் அதையும் பாருங்கள்.

எது என்று கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே ஓஸ் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலே வர வேண்டும்: முதலில் கண்ணாடி ரப்பரின் அடி, பிறகு பக்கம், பிறகு மேல், அதற்கப்புறம் கட்டர், கடைசியில் கூரை. எடுத்ததும் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது. இதைப் பழைய லைனிங்கைக் கழற்றிய பிறகு, தகடு வெறுமையாக இருக்கும்போது இன்னொரு முறையும் செய்யுங்கள். துணி மறைத்த வழியெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். படத்தை மட்டும் வைத்து உள்ளே துரு எவ்வளவு என்று எந்த மேஸ்திரியும் சொல்ல முடியாது. குளச்சலில் கடல் காற்றில் நின்ற வண்டி என்பதால், பின்கண்ணாடிக்கு மேலே இரண்டு மூலையிலும் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அங்கே தகடு ஓட்டையாகியிருந்தால் முதல் வேலை தகடு வேலை பார்க்கிற டிங்கருக்கு, குஷன் கடைக்கு இல்லை. மேலே பட்டி வைத்து மூடிவிட்டு அடியில் லைனிங் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கழற்றுகிற வேலையை நீங்களே தாராளமாகச் செய்யலாம். அவசரப்படாமல் செய்தால் கடைப் பையனைவிட நன்றாகவே செய்வீர்கள், ஏனென்றால் இது உங்கள் தாத்தா வண்டி. முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ரூம் லைட், சன் வைசர், உள்கண்ணாடி, கைப்பிடிகள், கதவு ஓரத்து பீடிங் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, திருகுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள். முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் வெளியே வந்தாக வேண்டும். கண்ணாடியைக் கழற்றாமல் ஓரத்தை ரப்பருக்குள் திணிக்கலாம் என்பார்கள். பார்வைக்குச் சில மாதம் நிற்கும், அதற்குள் இழுவை தளர்ந்து விளிம்பு வெளியே வந்துவிடும். கண்ணாடி வேலைக்கு மட்டும் பழக்கமான ஆளைக் கூப்பிடுங்கள். பழைய கண்ணாடி உடைந்தால் மாற்றுக்கு அலைய வேண்டியிருக்கும்.

லைனிங் இறங்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பழையதைக் கிழிக்கக் கூடாது. ஓரப் பசையை மெதுவாக உரித்து, முழுசாக இறக்குங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே அளவுச்சட்டம். வில் கம்பிகள் பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு. ஒவ்வொரு கம்பியும் வெளியே வருமுன் முன்னாலிருந்து 1, 2, 3 என்று டேப் ஒட்டி எண் போடுங்கள், வலது முனை இடது முனையும் குறியுங்கள். சில வண்டிகளில் ஒரு கம்பிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளை இருக்கும், எந்தத் துளையில் இருந்தது என்று போன் கேமராவில் எடுத்து வையுங்கள். கம்பியின் உயரம் அதனால் மாறும், உயரம் மாறினால் சுருக்கம் விழும். துளையில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ புஷ் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஓடும்போது கம்பி கிறீச்சிடும். கடைசிக் கம்பியைப் பின்பக்கச் சட்டத்தோடு சின்னக் கொக்கியோ கம்பித்துண்டோ இழுத்துப் பிடித்திருக்கும். துணியை முன்னால் இழுக்கும்போது அந்தக் கம்பி சாய்ந்துவிடாமல் நிறுத்துவது அதுதான். அதைத் தேவையில்லாத துண்டு என்று தூக்கிப் போட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் இறங்கியதும் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். மேலே நாற்பது வருடத்துத் தூசியும் பூஞ்சணமும் துருத்தூளும் இருக்கும். தகட்டைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைப் பூசி, அது சொல்கிற நேரம் காயவிட்டு, எபாக்சி பிரைமர் அடியுங்கள். ரெட் ஆக்சைடும் அடிக்கலாம், ஆனால் அது ஈரத்தை முழுக்கத் தடுக்காது. கடலோரத்தில் ஓடப்போகிற வண்டி என்றால் எபாக்சிக்குக் கூடுதலாகச் செலவு செய்வது வீண் இல்லை. கம்பிகளையும் இதே மாதிரி தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள். துருப்பிடித்த கம்பியை அப்படியே உறைக்குள் நுழைத்தால் ஒரு மழைக்காலத்தில் தையல் நெடுக மஞ்சள் கோடு இறங்கும். ரூம் லைட்டுக்குப் போகிற ஒயரையும் இந்த நேரத்திலேயே மாற்றிவிடுங்கள். பழைய ஒயரின் மேல்தோல் வளைத்தால் உடையும், மூடிய பிறகு அதைத் தொட வழியில்லை.

சூட்டுக்கு ஏதாவது மேலே வைக்கலாமா என்று இந்த வேலை செய்கிற எல்லாரும் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் எதை என்பதில் கவனம் வேண்டும். சணல் ஃபெல்ட், கயிற்றுப்பாய், சாதாரண ஸ்பாஞ்ச் எல்லாம் நீரைப் பிடித்துவைக்கும். நம்ம ஊரில் தேங்காய் நார் மலிவு என்று நார்ப்பாயை மேலே அடைத்த வண்டிகளைத் திறந்தால், பாய் இருந்த வடிவத்திலேயே துரு இருக்கும். மூடிய கண்ணறை உள்ள ஃபோம் ஷீட், ஒருபக்கம் அலுமினியத் தாளோடு வருவது, நீரை உறிஞ்சாது. அதைத் தகட்டில் முழுப்பரப்பும் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்ட வேண்டும். தகடு அதிர்கிற சத்தம் தொந்தரவு என்றால் பியூட்டைல் ரப்பர் ஷீட் போடலாம். கூரை முழுவதும் வேண்டியதில்லை, நடுப்பரப்பில் கால்வாசி முதல் அரைவாசி மூடினாலே தகட்டின் ஒலி அடங்கிவிடும். அதற்குமேல் ஒட்டுவது எடைதான். இரண்டையும் சேர்த்துத் தடிமன் கம்பிகளைத் தொடாத அளவுக்கு இருக்க வேண்டும். கம்பி ஃபோமில் முட்டினால் வளைவு மாறிவிடும்.

துணி விஷயத்தில் என் தேர்வு, ஏற்கெனவே இருப்பது போலத் துளை போட்ட ரெக்சின். பருத்தியும் கம்பளியும் பார்க்க அழகுதான், பழைய சீமை வண்டிகளில் கம்பளி லைனிங் ரொம்பக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு, ஆடி மாதத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் அதைக் காப்பாற்றுவது பெரிய பாடு. ரெக்சினைத் துடைத்தால் போதும். வாங்கும்போது இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு துண்டைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் அதிகமாக நீள்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பட்டைகளையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும், ஒரு பட்டை மாறினால் அது மட்டும் தனியாகத் தொங்கும். அடுத்தது, பின்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டாத வகையாக இருக்க வேண்டும், மெல்லிய பின்னல் துணி மட்டும் இருந்தால் போதும். மீட்டர் கணக்கை வேறொரு அம்பாசிடர்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள். கடையில் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் கிடைக்கும். உங்கள் பழைய லைனிங்கில் மிக அகலமான பட்டையை, கதவு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, வளைவோடு டேப்பில் அளந்து, இருபக்கமும் மூன்று அங்குலம் கூட்டிப் பாருங்கள். அது 54-க்குள் அடங்கினால் பட்டைகளை அகலவாக்கில் அடுக்கி வெட்டலாம். நீளத்துக்கு எல்லாப் பட்டைகளையும், தையலுக்கு விடுவதையும், முன்னும் பின்னும் மடிப்பையும் கூட்டி, மேலே அரை மீட்டர் சேர்த்து வாங்குங்கள். சன் வைசருக்கும் அதே துணியில் உறை தைக்கலாம். பிறகு போய்க் கேட்டால் அதே நிறம் கிடைக்காது.

தையலைக் கடையில் கொடுத்துவிடுங்கள். வீட்டுத் தையல் மெஷினின் பாதம் ரெக்சினில் வழுக்காது, கீழ்த்துணியும் மேல்துணியும் வேறுவேறு வேகத்தில் நகர்ந்து தையல் கோணலாகும். குஷன் கடை மெஷினில் பாதமும் சேர்ந்து நடக்கும். அவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை சில. பழைய லைனிங்கின் தையலைப் பிரித்து ஒவ்வொரு பட்டையையும் தட்டையாக விரித்து அச்சு எடுக்க வேண்டும், தொங்கிய நிலையில் அளக்கக் கூடாது. நாற்பது வருடத்தில் ரெக்சின் ஓரங்களில் சுருங்கியிருக்கும், நடுவில் நீண்டிருக்கும். அதனால் தையல் கோட்டின் வளைவை மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொண்டு, வெளி ஓரங்களுக்குத் தாராளமாக விட வேண்டும். நூல் பாலியெஸ்டரோ நைலானோ இருக்கட்டும், பருத்தி நூல் இற்றுப்போகும். தையல் ரொம்ப நெருக்கமாக விழுந்தால் ரெக்சின் தபால்தலை மாதிரிக் கிழியும், கொஞ்சம் நீளத் தையலாகவே இருக்கட்டும். ஒவ்வொரு பட்டையின் நடுவையும் பின்பக்கம் சாக்பீஸால் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

பசையில்தான் நம்ம ஊரில் அதிக வேலை கெடுகிறது. மரவேலைக்கு உள்ள வெள்ளை ஃபெவிகால் இதற்கு உதவாது, தகட்டில் காயாது, சூட்டில் பிடிக்காது. இருபுறமும் தடவிக் காயவைத்து ஒட்டுகிற சொல்யூஷன் பசைதான் வேண்டும், அதிலும் சூடு தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரெக்சினை மெத்தென்று வைத்திருக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருள் கலந்திருக்கும். அது நாளாக நாளாக வெளியே கசிந்து, சாதாரண நியோப்ரீன் சொல்யூஷனை இளக வைத்துவிடும். ஓரங்கள் பிசுபிசுத்து நழுவி வருவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை, இதுவும் ஒன்று. ரெக்சினின் மேல்பூச்சான பிவிசிக்கு என்றே வருகிற பாலியூரித்தேன் பசை இதைத் தாங்கும், விலை கூடுதல். ரெக்சின் விளிம்பு அகலமாக உட்கார்ந்து மேலே ரப்பரும் பீடிங்கும் அழுத்திப் பிடிக்கிற இடங்களில் சாதாரண சொல்யூஷனே வருடக்கணக்கில் நிற்கிறது. வேறு பிடிமானம் இல்லாத ஓரங்களுக்காவது நல்லதைப் போடுங்கள்.

அடுத்தது நாள் பார்ப்பது. பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ந்த பசையின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் படியும், பசை வெளிறிப்போகும். அதன் மேல் ஒட்டினால் அப்போது பிடித்த மாதிரி இருக்கும், பிறகு தோல் மாதிரி உரிந்து வரும். மழை பெய்துகொண்டிருக்கிற நாளில், பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில் இந்த வேலை வேண்டாம். நம்ம மாவட்டத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். கோடை மழை தொடங்குமுன் முடித்துவிடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்தவெளியில் செய்தால், தடவிய பசை மேல் மணல்தான் ஒட்டும். ஷெட்டுக்குள் செய்யலாம், ஆனால் கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சொல்யூஷன் ஆவி தலைசுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

மாட்டுகிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். புதுத் துணியைக் காலையில் வெயிலில் விரித்துச் சூடாக்குங்கள். ரெக்சின் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். குளிர்ந்த நேரத்தில் இழுத்து மாட்டினால் மத்தியான வெயிலில் தொய்யும். சூட்டில் மாட்டினால் ராத்திரியில் தானே இறுகும். கம்பிகளை எண் பார்த்து உறைகளில் நுழைத்து, முழு லைனிங்கையும் உள்ளே கொண்டுபோய், பின்னாலிருந்து ஒவ்வொரு கம்பியாகத் துளையில் உட்காரவையுங்கள். பின்கொக்கியை மாட்டிய பிறகுதான் முன்பக்கம் இழுக்க வேண்டும். முன்னாலிருந்து தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தவறில்லை. நான் பின்னாலிருந்து தொடங்கச் சொல்வது கடைசிக் கம்பி சாயாமல் இருக்க. நடுக்குறிகள் எல்லாம் ஒரே கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டத்தில் பசையே வேண்டாம். ஓரங்களை இரும்புக் கிளிப்புகளால் மட்டும் கவ்விவிடுங்கள். முதலில் முன் நடுவும் பின் நடுவும், பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, அதற்கப்புறம் பக்கங்கள். பக்கவாட்டில் இழுக்கும்போது தையலைப் பிடித்துக் கம்பியின் போக்கிலேயே இழுங்கள். இரண்டு தையலுக்கு நடுவில் பிடித்து இழுத்தால் அங்கே வளைந்து நிற்கும், அந்த வளைவு போகாது. இப்படிக் கிளிப்பில் மாட்டியபடியே வண்டியை ஒரு பகல் வெயிலில் நிறுத்தி வையுங்கள். பாதிச் சுருக்கம் அதிலேயே போய்விடும்.

மீதிச் சுருக்கம் பெரும்பாலும் கம்பியின் முனைகளுக்குப் பக்கத்தில், கதவுக்கு மேலே சாய்வாக விழும். துணியை இன்னும் பலமாக இழுத்தால் அது போகாது, கிழியும். காரணம் கம்பி உறை ஓரம் வரை தைக்கப்பட்டிருப்பது. துணி ஓரச் சட்டத்தை நோக்கி இறங்க வேண்டிய இடத்தில் உறை அதைக் கம்பியோடு பிடித்து வைத்திருக்கிறது. உறையை மட்டும், ரெக்சினைத் தொடாமல், முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் பாருங்கள். இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு சென்டிமீட்டர். ஒரே தடவையில் நீளமாக வெட்டிவிட்டால் கம்பி தெரிகிற மாதிரித் துணி தொங்கும், திருப்பித் தைக்க மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். என்னிடம் வேலை பழகிய பையன்களுக்கு நான் கடைசியாகக் கொடுக்கிற வேலை இதுதான். மூலை வளைவுகளில் விளிம்பில் முக்கோணமாகச் சின்னச் சின்ன வெட்டு போட்டால் மடிப்பு அடுக்காமல் படியும், வெட்டின் நுனி பார்வைப் பகுதிக்குள் வரக் கூடாது.

எல்லாம் சரியாக நிற்கிறது என்று திருப்தி வந்த பிறகு, ஒரு பக்கத்துக் கிளிப்புகளை நாலைந்தாக எடுத்து, தகட்டு விளிம்பிலும் துணியிலும் மெல்லிசாகப் பசை தடவி, விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாமல் வருகிற அளவுக்குக் காயவிட்டு, பழைய இடத்துக்கே இழுத்து அழுத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், பசைக்குப் பசை மாறும். பட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால்தான் கிளிப்பில் முன்பே எல்லாம் தீர்த்துக்கொள்ளச் சொன்னேன். ரூம் லைட்டுக்கும் வைசர் திருகுகளுக்கும் கடைசியில்தான் துளை போட வேண்டும். லைட் இருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்து, லைட்டின் விளிம்பைவிடச் சிறிதாகப் பெருக்கல் குறி போல ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஆங்காங்கே லேசான சுருக்கம் மிஞ்சினால் ஹீட் கன்னை ஒரு அடி தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். வீட்டில் முடி காயவைக்கிற டிரையரே பல இடத்தில் போதும்.

கண்ணாடி பொருத்தும்போது ரப்பர் புதிதாக இருக்கட்டும். பழைய ரப்பரைத் திரும்பப் போட்டால் இத்தனை வேலையும் அதே கசிவுக்கு அடியில்தான் உட்காரும். ரப்பரின் உள்பள்ளத்தில் நைலான் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியே வைத்து ஒருவர் அழுத்த, உள்ளிருந்து மற்றவர் கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு விளிம்பின் மேல் ஏறி உட்காரும். பசை குறைந்தது ஒரு நாள் காய்ந்த பிறகு இதைச் செய்யுங்கள். கயிறு புதுத் துணியின் ஓரத்தையும் சேர்த்து இழுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தெரிந்திருப்பது நல்லது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் நிலையில் உள்ள வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். உங்கள் வண்டி 1978-ல் பதிவானது என்றால் 2028-ல் அந்த வயதுக்கு வரும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பதே விதியின் கவலை. லைனிங் மாற்றுவது அதில் வராது. இருந்தாலும் பழைய ரெக்சினிலிருந்து ஒரு நல்ல துண்டையும், கழற்றும்போது எடுத்த படங்களையும் வைத்திருங்கள். பின்னால் யாராவது கேட்டால் பழையபடியே செய்தோம் என்று காட்ட அது போதும்.

ஆக, கழற்றுவது, துரு எடுப்பது, கம்பிகளைச் சுத்தம் செய்வது, கிளிப்பில் மாட்டிப் பார்ப்பது எல்லாம் உங்களால் முடியும். தையலும் கண்ணாடியும் வெளியாள் வேலை. பசை போடும் நாளில் மட்டும் பழகிய ஒரு கை கூட இருந்தால் நல்லது. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பழைய குஷன் கடைகள் இன்னும் இருக்கின்றன. போய் “கம்பி லைனிங் தைப்பீர்களா” என்று கேளுங்கள். உறையை எவ்வளவு தூரம் ஓடவிடுவீர்கள் என்றும் கேளுங்கள், வேலை தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். அதற்குள் லைனிங்கை இறக்கிவிட்டீர்கள் என்றால் பின்கண்ணாடிக்கு மேலே உள்ள இரண்டு மூலைகளையும், கேரியர் கால் கவ்வியிருக்கக்கூடிய கட்டர் பகுதியையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியால் துருவை அழுத்திப் பார்த்து, தகடு உள்ளே போகிறதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். டிங்கரிடம் போக வேண்டுமா, பிரைமர் போதுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.